படிப்பாளிக்கு ஒரு திருத்தம்

எனக்கு வாக்குவாதம் என்றால் ஆகாது, மேடம். யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். பேருந்தில் என் காலை மிதித்தவனிடம்கூட நான்தான் மன்னிப்புக் கேட்பேன். ஒரு விஷயம் சரியா தப்பா என்று தெரிந்துவிட்டால் போதும், அதற்குமேல் எதற்குச் சத்தம் என்று நினைக்கிற ஆள் நான். இன்றைக்கும் யாரும் கூப்பிடாமல் நானேதான் உங்கள் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறேன். ஆறு வாரத்துக்கு முன் கடலில் இறந்துபோன என் தங்கையைப் பற்றி நீங்கள் எழுதிய அறிக்கையின் நகல் எங்கள் வீட்டுக்கு வந்தது. நல்ல அறிக்கை. எழுத்துப்பிழை இல்லை. ஆனால் ஒரு தகவல் தப்பு. தப்பான தகவலைப் பார்த்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியாது. என் பிழைப்பே அதுதான்.

நாற்காலியைக் கொஞ்சம் இப்படி நகர்த்திக்கொள்கிறேன், மின்விசிறிக் காற்று நேராகக் காதில் அடிக்கிறது. நீங்கள் டீயைக் குடியுங்கள், ஆறிவிடும். முதலில் என் வேலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் மற்றது விளங்காது.

நான் வேலை பார்க்கும் இடத்தில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. ஒன்று என்று சொன்னாலும் எங்கேயோ ஒரு கட்டடம் நிறைய இருக்கிறதாம், நாங்கள் பார்த்ததில்லை. அதற்கு ஒரே வேலை, இணையத்தில் கிடக்கிற எல்லாவற்றையும் படிப்பது. செய்தி, சமையல் குறிப்பு, பயணக் கதை, முன்பின் தெரியாதவர்கள் ஒருவரையொருவர் நாக்கில் நரம்பில்லாமல் திட்டிக்கொள்வது, எல்லாம். படித்துப் படித்து, உலகத்தைப் பற்றிய தகவல்களைத் தானாகவே கற்றுக்கொள்ள வேண்டும். எந்த நகரம் எந்த நாட்டில், எந்த நோய்க்கு எந்த மருந்து, யார் யாருடைய பிள்ளை. நாங்கள் அதைப் படிப்பாளி என்போம். வகுப்பில் அப்படி ஒருவன் இருப்பானே, எல்லாப் புத்தகமும் தலைகீழாகத் தெரியும், செருப்பை மட்டும் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு வருவான், அந்த ரகம்.

திங்கட்கிழமை ஒரு நோய் என்று ஒரு மாதம் முழுக்க நம்பிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமையால் அவதிப்படுவதாக அத்தனை பேர் எழுதியிருந்தார்கள், அது என்ன செய்யும், பாவம். மாமியாரை இயற்கைப் பேரிடர்களின் பட்டியலில் நிலநடுக்கத்துக்கு அடுத்து வைத்திருந்தது. அதை நீக்குவதற்கு எங்கள் குழுத்தலைவி கூட்டம் போட்டபோது, கல்யாணமான மூன்று பேர் கடைசிவரை வாயைத் திறக்கவில்லை.

இப்படி உளறாமல் இருக்கத்தான் ஒரு விதி வைத்திருந்தார்கள். ஒரு தகவலை ஒரே இடத்தில் படித்துவிட்டுப் படிப்பாளி நம்பக் கூடாது. வெவ்வேறு மூன்று இடங்களில், வெவ்வேறு வார்த்தைகளில் இருந்தால் அரைமனதாக நம்பலாம். அப்போது அது எங்கள் திரைக்கு வரும். நாங்கள் 'ஆம்' அழுத்தினால் முழுமனதாக நம்பிவிடும், 'இல்லை' அழுத்தினால் மறந்துவிடும். ஏற்கெனவே நம்பிய ஒன்றுக்கு எதிராகப் புதிதாக ஒன்று வந்தால் மட்டும் இரண்டு பேர் பார்க்க வேண்டும். ஒருவருக்குப் புதியது போகும், இன்னொருவருக்குப் பழையது போகும். ஒருவர் பார்ப்பது இன்னொருவருக்குத் தெரியாது. பதினான்கு பேர், ஆளுக்கொரு திரை, நாளொன்றுக்கு ஆளுக்கு நானூறு தகவல். உலகத்தில் எது உண்மை என்பதைச் சாப்பாட்டு நேரம் போக ஏழரை மணி நேரத்தில் நாங்கள் முடிவு செய்துகொண்டிருந்தோம்.

என் திரையில் தப்பு அபூர்வம். அலுவலகத்தில் என்னை நீதிபதி என்பார்கள். பக்கத்து மேசைக்காரருக்குப் பெயர் சந்தேகம். அவர் எது வந்தாலும் 'இல்லை'தான். தண்ணீர் நனைக்குமா என்றாலும் இல்லை. "ஆம்னு அழுத்தி தப்பாப்போனா நம்மளத்தான் புடிப்பாங்க. இல்லைன்னு அழுத்துனா எவன் வந்து கேக்கப்போறான்?" என்பார். யோசித்துப் பார்த்தால் அந்த அலுவலகத்திலேயே நம்பகமான ஆள் அவர்தான். என்ன செய்வார் என்று முன்கூட்டியே தெரியும்.

இனி வீட்டு விஷயம். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கை வீட்டு மாடியறையில் இருக்கிறேன், சாப்பாடு கீழே அவர்களோடு. தங்கை ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தாள். பல்வலியோடு வருகிறவன் கத்தினாலும் சிரித்த முகம் மாறாது. முப்பத்தெட்டு வயதிலும் எனக்கு அவள் குட்டிதான். அவள்மேல் எனக்கு உயிர். இதையும் எழுதிக்கொள்ளுங்கள், பின்னால் வருவதைக் கேட்டுவிட்டு நீங்கள் வேறு மாதிரி நினைத்துவிடக் கூடாது.

மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். நல்ல மனிதர் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் மூன்று இடத்தில் விசாரித்துவிட்டேன். அவரிடம் ஒரே ஒரு பழக்கம். நான் வாயைத் திறந்தால் அவர் போனை எடுப்பார். அந்தப் போனில் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்வது யார் என்று நினைக்கிறீர்கள்? எங்கள் படிப்பாளிதான். பகலெல்லாம் கண் எரிய உட்கார்ந்து நான் ஊட்டி வளர்த்தது, சாப்பாட்டு மேசையில் அவர் உள்ளங்கையில் உட்கார்ந்துகொண்டு என்னையே திருத்தும். ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தில் ஏகப்பட்ட எலும்பு இருக்கும் என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். "ஏழுதானாம் மச்சான். நமக்கும் ஏழுதானாம். தப்பு மச்சான்" என்றார், தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், சிரித்துக்கொண்டே. தப்பு என்பதைக்கூட அன்பாகத்தான் சொல்வார். அதுதான் கொடுமை. திட்டினால் திருப்பித் திட்டலாம், அன்பாகச் சொல்கிறவரை என்ன செய்வது? பதினெட்டு மாதத்தில் நாற்பத்தொரு தடவை. நான் எண்ணவில்லை, ஞாபகம் இருக்கிறது.

நாற்பத்திரண்டாவது தடவை கடல்.

செய்தியில் யாரோ ஒருவரைக் கடல் இழுத்துக்கொண்டு போனதைக் காட்டினார்கள். கரையோரத்திலிருந்து ஆளை உள்ளே இழுத்துப் போகும் நீரோட்டம். அதில் மாட்டினால் மூச்சைப் பிடித்துக்கொண்டு கரையைப் பார்த்து நேராக நீந்த வேண்டும் என்று நான் சொன்னேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்வார்கள், கரை அங்கேதானே இருக்கிறது. மாப்பிள்ளை போனை எடுத்தார்.

"அய்யய்யோ மச்சான், அப்படிப் போனா ஆளு காலி. இழுப்பு நம்மளவிட வேகம், கை சோந்துபோயி முழுகிடுவோம். கரையோரமாவே பக்கவாட்டுல நீந்தி, இழுப்ப விட்டு வெளிய வந்துட்டு, அப்பறந்தான் கரைக்கு வரணும். பாருங்க, படம் போட்டிருக்கான்."

தங்கை சிரித்துவிட்டாள். "அண்ணா, கடலுக்குப் போனா நீ கரையிலயே உக்காந்துக்கோ" என்றாள். அவ்வளவுதான். கேலிகூட இல்லை, செல்லமாகத்தான் சொன்னாள். ஆனால் அதற்கு முந்தைய நாற்பத்தொரு தடவையும் அவள் சிரித்ததில்லை. பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டேன்.

மறுநாள் அலுவலகத்தில் முதல் வேலையாகத் தேடிப் பார்த்தேன். மாப்பிள்ளை சொன்னதுதான் சரி. ஆயிரக்கணக்கான இடத்தில் இருந்தது, சின்னப் பிள்ளைக்கும் புரிகிற மாதிரி அம்புக்குறி போட்டு விளக்கியிருந்தார்கள். எல்லாவற்றையும் படித்தேன். எனக்குத் தெரியாமல் நடந்துவிட்டது என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன், மேடம். தெரியும். தெரிந்தபிறகு எனக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது. 'நீங்க சொன்னதுதான் சரி மாப்பிள்ளை' என்று சொல்லிவிடுவது ஒன்று. மற்றது கொஞ்சம் வேலை வாங்கும்.

ஒரு பயணத் தளத்தில் கடற்படையிலிருந்து ஓய்வுபெற்ற கிழவராக எழுதினேன். முப்பது வருட அனுபவத்தில் சொல்கிறேன், நேராக நீந்தியவன் பிழைத்தான், சுற்றிக்கொண்டு போனவன் செத்தான் என்று. இன்னொரு தளத்தில் நீச்சல் சொல்லித்தரும் பெண்மணியாக, 'என் மாணவிகளுக்கு நான் எப்போதும் சொல்வது' என்று ஆரம்பித்து. அந்த அம்மாளுக்கு ஒரு முழங்கால் வலியும் கொடுத்தேன். இப்படி ஒரு விவரம் இருந்தால்தான் நம்பிக்கை பிறக்கும். மூன்றாவதையும் நானே எழுதியிருக்கலாம். எழுதவில்லை. தொழில் தர்மம் என்று ஒன்று இருக்கிறதல்லவா.

ஒன்பதே நாளில் மூன்றாவது தானாக வந்தது. ஏதோ ஒரு கடற்கரை விடுதி, தங்க வருகிறவர்களுக்கான குறிப்புகளில், முழங்கால் வலிக்காரி சொன்னதைத் திருடி நாலு வார்த்தை மாற்றிப் போட்டிருந்தது. 'அனுபவசாலிகள் அறிவுறுத்துவது' என்று தலைப்பு வேறு. அதைப் படித்தபோது, உண்மையிலேயே அப்படித்தானோ என்று எனக்கே ஒரு நிமிடம் தோன்றியது.

தகவல் திரைக்கு வந்தது. புதியது: நேராக நீந்த வேண்டும். பழையது: பக்கவாட்டில் நீந்த வேண்டும். எது யாருக்குப் போகும் என்று பிரித்துக் கொடுக்கும் முறை அந்த வாரம் என்னுடையது. புதியதை நானே எடுத்துக்கொண்டு 'ஆம்' அழுத்தினேன். பழையதைப் பக்கத்து மேசைச் சந்தேகத்துக்கு அனுப்பினேன். அவர் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். கை பிசுபிசுவென்று இருந்ததால் சுண்டுவிரலால் 'இல்லை' அழுத்திவிட்டு அடுத்த சுளையை எடுத்தார். நான் அவரிடம் ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்லவில்லை, தூண்டவும் இல்லை. அவர்மேல் வழக்கு ஏதும் போட்டுவிடாதீர்கள். நீங்கள் எதைக் கேட்டாலும் இல்லை என்றுதான் சொல்வார், உங்களுக்கு நேர விரயம்.

மாதாந்திரச் சோதனையில் குழுத்தலைவி நூறு தகவலைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துப் பார்ப்பார். அதில் இதுவும் வந்தது. "இது என்னமோ மாதிரி இருக்கே" என்றார். "ரெண்டு பேர் பாத்தாச்சுல்ல?" என்று அவரே கேட்டார். ஆச்சு என்றேன். "அப்ப சரி, நீதிபதி பாத்தா சரியாத்தான் இருக்கும்" என்று அடுத்ததற்குப் போய்விட்டார்.

படிப்பாளியிடம் ஒரு குணம் உண்டு. ஒன்றை நம்பிவிட்டால் அதற்கு ஆதரவாக யார் எழுதினாலும் ஓடிப்போய்ச் சேர்த்துக்கொள்ளும். அதனிடம் கேட்டவர்கள் அது சொன்னதைத் தங்கள் பக்கங்களில் எழுதினார்கள். அதை அதுவே படித்துவிட்டு, இத்தனை பேர் சொல்கிறார்கள் என்று இன்னும் உறுதியாக நம்பியது. மூன்று இடம் ஒரு மாதத்தில் முந்நூறு ஆயிற்று. பதினொரு வாரம் அந்தத் தகவல் அப்படியே இருந்தது. அந்தப் பதினொரு வாரத்தில் எத்தனை பேர் அதைக் கேட்டார்கள், எந்தெந்தக் கடற்கரைப் பக்கத்திலிருந்து கேட்டார்கள் என்ற கணக்கெல்லாம் அலுவலகத்தில் இருக்கிறது. நான் பார்க்கவில்லை. பார்த்தால் தெரிந்துவிடும்.

'ஆம்' அழுத்திப் பத்து நாள் பொறுத்து, சாப்பிடும்போது பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். "மாப்பிள்ளை, அன்னைக்குக் கடல் விஷயம் ஒண்ணு பேசினோமே, எப்படி நீந்தணும்னு. மறந்துபோச்சு. கொஞ்சம் பாருங்களேன்."

அவர் பார்த்தார். புருவம் சுருங்கியது. நான் உப்பு டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நேரா நீந்தணும்னு போட்டிருக்கான்" என்றார். மேடம், அந்த ஒரு நொடி எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று உங்களுக்குச் சொன்னால் புரியாது. அப்புறம் அவர் போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். "தப்பாப் போட்டிருக்கான் மச்சான். பதினேழு வயசுல நானே ரெண்டு தடவ மாட்டிருக்கேன். பக்கவாட்டுல வந்துதான் பொழச்சேன். இந்தப் போன எப்பவும் அப்படியே நம்பிடக் கூடாது."

நாற்பத்திரண்டு தடவை என்னைத் திருத்தியபோது வேதவாக்காக இருந்த போன், ஒரே ஒரு தடவை என் பக்கம் பேசியதும் வெறும் போனாகிவிட்டது. நியாயமா இது? நீங்களே சொல்லுங்கள்.

தங்கை தன் போனிலும் கேட்டுப் பார்த்தாள். "எனக்கும் நேரான்னுதாங்க வருது. போனும் சொல்லுது, அண்ணனும் சொல்லுது, ஒத்துக்கிட்டா கொறஞ்சா போயிடுவீங்க?" என்று சொல்லி, என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். அவள் நம்பிவிட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. இல்லை குட்டி, மாப்பிள்ளை சொல்றதுதான் சரி என்று அப்போதே சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. மாப்பிள்ளை மறுபடியும் லேசாகச் சிரித்தார். வந்த வார்த்தை அப்படியே உள்ளே போய்விட்டது.

கடற்கரைக்குப் போவது யாருடைய யோசனை என்று அறிக்கையில் நீங்கள் எழுதவில்லை. தங்கையுடையதுதான். ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொரு மணி, நல்ல வெயில். கூட்டம் இல்லை. நான் பாயை விரித்து உட்கார்ந்திருந்தேன், மாப்பிள்ளை காரிலிருந்து கூடையை எடுத்து வந்துகொண்டிருந்தார். இரண்டு பக்கமும் அலை அடித்துக்கொண்டிருக்க, நடுவில் அலையே இல்லாமல் ஒரு பட்டை. "இங்க தண்ணி சாதுவா இருக்கு அண்ணா" என்று சொல்லிவிட்டு அவள் அங்கே இறங்கினாள். அலை இல்லாத பட்டையில்தான் இழுப்பு இருக்கும் என்று எனக்குத் தெரியும், அதையும் அன்று படித்திருந்தேன். சொன்னால், இது மட்டும் உங்களுக்கு எப்படித் தெரியும் மச்சான் என்று அவர் கேட்பார். அவளுக்கு நீச்சல் தெரியுமே என்று இருந்துவிட்டேன்.

முழங்கால் தெரிந்தது, இடுப்பு தெரிந்தது, பிறகு தலை மட்டும் தெரிந்தது. அவள் கரையைப் பார்த்து நேராகத்தான் நீந்தினாள், போன் சொன்ன மாதிரி. நீந்த நீந்தத் தூரமாகப் போனாள். மாப்பிள்ளை கூடையைப் போட்டுவிட்டு ஓடினார். மிதவை வளையம் மாட்டிய கம்பம் இருநூறு அடி தள்ளி இருந்தது. ஓடிக்கொண்டே கையை இடப்பக்கமாக வீசி, "பக்கவாட்டுல போ, கரையோரமாப் போ, நேரா வராதே" என்று தொண்டை கிழியக் கத்தினார். அவளுக்குக் கேட்டுவிட்டது. திரும்பினாள். பக்கவாட்டில் நீந்த ஆரம்பித்தாள். இருபது வீச்சு போட்டிருப்பாள், இழுப்பின் ஓரத்துக்கு வந்துவிட்டாள். வெளியே வந்துகொண்டிருந்தாள், மேடம். கரையிலிருந்து பார்க்கவே தெரிந்தது. இன்னும் பத்து வீச்சு போதும்.

அந்த நேரத்தில் எனக்கு ஒரே ஒரு நினைப்புதான் வந்தது. இன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் இதைத்தான் பேசுவார்கள். இன்றைக்கு மட்டுமல்ல, இருக்கிற காலம் வரைக்கும். என் தங்கையே உயிருள்ள அத்தாட்சியாக எதிரில் உட்கார்ந்து பரிமாறிக்கொண்டிருப்பாள்.

நான் எழுந்து நின்றேன். இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி, "குட்டி, நேரா வா. என்னப் பாத்து நேரா வா" என்றேன். காற்று கரையிலிருந்து கடலுக்கு அடித்ததால் என் குரல் நன்றாகப் போய்ச் சேர்ந்தது. உங்கள் அறிக்கையின் நாலாவது பத்தியில், 'கரையில் இருந்த இருவரும் அவரைக் காப்பாற்றக் குரல் கொடுத்தனர்' என்று இருக்கிறது. ஒருவர் என்று திருத்திக்கொள்ளுங்கள். நான் வந்தது அதற்காகத்தான்.

அவள் நீந்துவதை நிறுத்தினாள். மாப்பிள்ளையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். சிரித்த மாதிரி இருந்தது. அவ்வளவு தூரத்தில் நிச்சயமாகச் சொல்ல முடியாது, நிச்சயமில்லாததை நான் சொல்வதில்லை. அப்புறம் என் பக்கம் திரும்பி, நேராக என்னை நோக்கி நீந்த ஆரம்பித்தாள். மாப்பிள்ளை வளையத்தை எடுத்து வருவதற்குள் இழுப்பு அவளை மறுபடி உள்ளே கொண்டுபோய்விட்டது. அவள் தலை தெரிந்தவரை நான் கையை இறக்கவில்லை.

மூன்றாம் நாள் அலுவலகம் போய்ப் படிப்பாளியிடம் இருந்த தகவலைப் பழையபடி மாற்றிவிட்டேன். பிரித்துக் கொடுக்கும் முறையை அன்றைக்குக் கேட்டு வாங்கிக்கொண்டு, பக்கவாட்டில் நீந்த வேண்டும் என்பதற்கு நான் 'ஆம்' அழுத்தினேன், நேராக நீந்த வேண்டும் என்பதைச் சந்தேகத்துக்கு அனுப்பினேன். இப்போது உங்கள் போனில் கேட்டுப் பாருங்கள், சரியாகச் சொல்லும்.

மாப்பிள்ளையும் நானும் இன்னும் ஒரே மேசையில்தான் சாப்பிடுகிறோம். அவர் சமைக்கிறார், ருசி ஒன்றும் இல்லை. போனைத் தொடுவதே கிடையாது. போன வாரம், சும்மா பார்க்கலாம் என்று, திமிங்கிலம் ஒரு மீன் என்று அடித்துச் சொன்னேன். தட்டைப் பார்த்தபடியே தலையாட்டினார். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவர் என்னை ஒரு தடவைகூடத் திருத்தவில்லை, மேடம். ஒருவழியாக ஒத்துக்கொண்டுவிட்டார் என்றுதான் நினைக்கிறேன்.